மைத்தூவானமும் ஒரு பொன்னாடையும்

அய்யம்மாள் பெயரைக் கேட்டால் நான் கையெடுத்துக் கும்பிடுவேன். கோயில் வாசலில்கூட பைக்கை நிறுத்தாமல், ஓட்டிக்கொண்டே கன்னத்தில் போட்டுக்கொள்கிற ஆள் நான். அப்பேர்ப்பட்டவன் சொல்கிறேன் என்றால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

என் பெயர் தங்கப்பழம். சிரிக்க வேண்டியவர்கள் இப்போதே சிரித்துவிடலாம். சிவகாசியில் ஓர் ஆஸ்பத்திரியின் தீக்காயப் பிரிவில், மனுஷத் தோல் அச்சடிக்கிற மெஷினை ஓட்டுகிறேன். அதற்கு முன்னால் இருபது வருஷம் ஃப்ளெக்ஸ் பேனர் அடித்தேன். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று இந்த ஊரில் பாதிப் பேர் முகத்தைப் பத்தடிக்கு எட்டடி அடித்திருக்கிறேன். 2038-இல் இந்த மெஷின் வந்து இறங்கியபோது, படித்த பிள்ளைகள் நாலு பேர் அதை ஓட்டிப் பார்த்தார்கள். நாலு பேரிடமும் அது மக்கர் பண்ணியது. கடைசியில் டாக்டர் ரெஜினா என் கடைக்கே ஆள் அனுப்பினார். நான் போய்ச் சுற்றிப் பார்த்தேன். "இது நம்ம ஃப்ளெக்ஸ் மெஷினுக்குத் தம்பிதானே டாக்டரம்மா. மைதான் வேற" என்றேன். அன்றைக்கே வேலை கிடைத்துவிட்டது.

மைதான் வேறு என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். அந்த மையில் உயிர் இருக்கிறது என்பது எனக்கு அப்போது முழுசாக உறைக்கவில்லை.

அய்யம்மாளுக்கு முப்பத்தொன்பது வயது. பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்துகிற அறையில் வேலை. அவளுடைய வலது கை, மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை வெந்திருந்தது. அச்சடிப்பதற்கு முந்தின நாள் நோயாளியிடம் போய் மெஷினைப் பற்றிச் சொல்லிவிட்டு வருவது என் வழக்கம். அவளிடமும் போனேன்.

"அண்ணாச்சி, எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க. என்னத்த வச்சு அடிப்பீங்க?"

"ஒன்னைய வச்சுத்தான். மூணு வாரத்துக்கு முந்தி ஒன் தொடையில தபால்தலை அளவுக்குத் தோல் எடுத்தாங்கள்ல? அத லேப்ல வளத்து மையாக்கி வச்சிருக்காங்க. ஒரு பாட்டில். அம்புட்டும் உசுரோட இருக்கு."

"அப்புறம்?"

"மெஷினுக்கு ஒரு தலை இருக்கு. அதுல கண்ணுக்கே தெரியாத ஓட்டை ஆயிரம். தலை இங்கிட்டும் அங்கிட்டும் ஓடும். ஓடையிலயே சொட்டுச் சொட்டா மையப் போட்டுக்கிட்டே போகும். வரி வரியாத் தோல் உக்காரும்."

"புள்ளி வச்சுக் கோலம் போடுற மாதிரி."

"அதேதான். ஆனா இதுல ஒரு சள்ளை இருக்கு தாயி. சொட்டு கீழ விழுறப்ப அதோட வால்ல இருந்து பொடிப்பொடியா நாலஞ்சு பிஞ்சு போகும். அதுக்குக் கனமே கிடையாது. கீழயும் விழாது, மேலயும் போகாது. காத்துலயே அலையும். அதத்தான் நாங்க தூவானம்னு சொல்றது. ஃப்ளெக்ஸ் கடையில தூவானம் படிஞ்சா சட்டை கறையாகும், வீட்ல வசவு விழும், அம்புட்டுத்தான். இங்கன அலையிறது ஒன் தோலு. போதாததுக்கு அது திரும்பி வந்து தலையிலயே ஒட்டி ஓட்டைய அடைச்சிரும். அடைச்ச எடத்துக்கு நேரா தோல்ல ஒரு கோடு விழும். அந்தக் கோடு பின்னால இறுகிச்சுன்னா விரல் மடங்காது."

"அப்ப அத உறிஞ்சி எடுத்துற வேண்டியதுதானே?"

"வேகமா உறிஞ்சுனா நல்ல சொட்டும் தடம் மாறிப் போயிருது. மெதுவா உறிஞ்சுனா தூவானம் அங்கனயே நிக்கிது. அதுதான் எங்க பாடு."

அவள் கட்டுப்போட்ட கையைத் தூக்கிப் பார்த்தாள். "மை பத்தலைன்னா என்ன பண்ணுவீங்க?"

"அதெல்லாம் பத்தும்" என்றேன். பொய்.

ஆளுக்கு ஒரு பாட்டில்தான். அதுதான் சட்டம். லேபில் வளர்க்கிற தொட்டிகள் எட்டே எட்டு; பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் நூற்றுக்கு மேல். இரண்டாவது பாட்டில் வேண்டும் என்றால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். அதற்குள் அய்யம்மாளின் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய்விடும். அவள் கேட்டதும் பெரிதாக ஒன்றும் இல்லை. "இந்தக் கையால சோறு பிசையணும். சூடா இருக்கா ஆறிருச்சான்னு இந்தக் கைக்குத் தெரியணும்." டாக்டர் ரெஜினா அவளிடம் ஒளித்து மறைக்கவில்லை. "விரல் மடங்க வைக்கிறது என் பொறுப்பு. உணர்ச்சி வரும்னு என்னால சத்தியம் பண்ண முடியாதும்மா" என்று சொல்லியிருந்தார்.

நான் எழுந்து வரும்போது அய்யம்மாள் சொன்னாள். "கோவிச்சுக்காதீங்க. உங்க மெஷின் வந்த பெறகுதான் எங்க கம்பெனில பயம் விட்டுப் போச்சு. முன்னயெல்லாம் ரூமு வாசல்ல பித்தளைத் தகடு இருக்கும். அதத் தொட்டு ஒடம்புல இருக்க கரண்ட்ட எறக்கிட்டுத்தான் உள்ள கால் வைப்போம். பாலியஸ்டர் சேலை கட்டிட்டு வந்தா வீட்டுக்கே அனுப்பிருவாக. போன வருசம் செவுத்துக்கு வெள்ளையடிக்கையில தகட்டக் கழட்டுனாங்க. திருப்பி மாட்டவே இல்ல. கேட்டா ஃபோர்மேன் சொல்லுதாரு, 'வெந்தா என்ன, ஆசுபத்திரில புதுசா அடிச்சுக் குடுப்பாக'ன்னு. எனக்கு வெந்த அன்னைக்கு ஒரு பிள்ளை பிறந்தநாளுன்னு புதுப் பாலியஸ்டர் சேலை கட்டிட்டு வந்துச்சு. அம்புட்டுத்தான். நான் பொறி தட்டுனதப் பாத்துட்டேன். மருந்துத் தட்ட வெளிய தூக்கி வீசுனேன். இல்லைன்னா ரூம்ல இருந்த ஏழு பேரும் அன்னைக்கே கரி."

நல்லதுக்குத்தானே இந்த மெஷின் வந்தது? அது வந்த தைரியத்தில் ஒருத்தன் தகட்டைக் கழற்றுவான் என்று யார் கண்டது? அன்றைக்கு இரவுச் சாப்பாடு இறங்கவில்லை.

இன்னொரு காரணமும் இருந்தது. ஆயுத பூஜைக்கு அப்புறம் எங்கள் மெஷினில் தூவானம் கூடிக்கொண்டே போனது. சென்னையிலிருந்து கம்பெனி இன்ஜினியர்கள் வந்தார்கள். பம்ப்பை மாற்றினார்கள், வடிகட்டியை மாற்றினார்கள், ஏ.சி.யைக் கூட்டி அறையை வறட்டு வறட்டென்று வைத்தார்கள். கூடியதே தவிரக் குறையவில்லை. ஐப்பசியில் லாரி கிளீனர் ஜெயராசுவுக்குக் கழுத்தில் அடித்தோம். மூன்று கோடு விழுந்துவிட்டது. இருபத்தைந்து வயசுப் பையன், முகத்தைத் திருப்ப வேண்டுமென்றால் உடம்போடு சேர்த்துத் திருப்புகிறான். அவனைப் பார்க்கும்போதெல்லாம் நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அய்யம்மாளை உள்ளே கொண்டுவந்தோம். கை மட்டும் மரக்க ஊசி போட்டிருந்தது. ஆள் முழு விழிப்பில் இருந்தாள். பாட்டிலைத் திறந்தால் மைக்கு நாலு மணி நேரம்தான் ஆயுசு. திறந்தேன், ஏற்றினேன், ஓடவிட்டேன். தலை அவள் கைக்கு மேலே இங்கிட்டும் அங்கிட்டும் ஓடியது. சுண்டுவிரல் முடிந்தது. மோதிரவிரல் முடிவதற்குள் மை அளவு மூன்றில் ஒரு பங்கு இறங்கிவிட்டது. இறங்கியிருக்க வேண்டியது ஆறில் ஒரு பங்கு. விளக்கு வெளிச்சத்தில் தூவானம் இளஞ்சிவப்பாகச் சுழன்றதை நானே பார்த்தேன்.

"நிறுத்துங்க!"

அய்யம்மாள் போட்ட சத்தத்தில் நர்ஸ் கையிலிருந்த தட்டு கீழே விழுந்தது.

"நிறுத்துங்க அண்ணாச்சி! எல்லாரும் வெளிய போங்க! பொறி தட்டப் போகுது!"

"ஏ, என்ன தாயி நீ! இங்கன வெடிமருந்தா இருக்கு பொறி தட்ட? பேசாமப் படு. ஒவ்வொரு நிமிசமும் மை செத்துக்கிட்டிருக்கு" என்று நான் எரிந்து விழுந்தேன்.

"என் இடது கையப் பாருங்க!"

பார்த்தேன். மெஷின் தலை அவள் பக்கம் வரும்போதெல்லாம் இடது முன்கையில் இருந்த பூனைமயிர் முழுதும் எழுந்து நின்றது. தலை தள்ளிப் போனதும் படிந்தது. பட்டாசு அறையில் இருபது வருஷம் இருந்தவளுக்கு அதன் அர்த்தம் ஒன்றுதான்.

டாக்டர் ரெஜினா மெஷினை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன்.

"அய்யம்மா, கரண்ட் எங்க இருந்து வருதுன்னு சொல்ல முடியுமா?" என்று கேட்டார்.

அவள் தலையைத் திருப்பி அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். முதலில் நான் போட்டிருந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்தாள். பிறகு மெஷினைப் பார்த்தாள். அப்படியே அவள் கண் நின்றுவிட்டது.

"அது என்ன துணி?"

நான் திரும்பிப் பார்த்தேன்.

அது பொன்னாடை. ஞானசிகாமணி வாத்தியார் கொடுத்தது. அவர் மகளுக்குக் கன்னத்தில் தோல் அடித்துக் கொடுத்தோம். அச்சு அசல் பழைய கன்னம். ஆயுத பூஜையன்று வாத்தியார் மாலையும் பழத்தட்டுமாக வந்து, எல்லோர் முன்னாலும் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். என் ஐம்பது வருஷ வாழ்க்கையில் எனக்கு விழுந்த முதல் பொன்னாடை. ஆயிரம் தலைவர்களுக்குப் பொன்னாடை போர்த்தின படத்தைப் பேனரில் அடித்தவன், அது தோளில் விழுந்ததும் கண்ணாடி தேடிப் போய்ப் பார்த்துக்கொண்டேன். வேலை செய்தது மெஷின்தானே என்று, அதன் தலை ஓடுகிற சட்டத்துக்கு மேலே அதைப் போர்த்திவிட்டேன். டாக்டரம்மா முறைத்தார். மூன்று தடவை நீராவியில் வைத்துக் கிருமி நீக்கி, தையல் போட்டுக் கட்டினேன். 'சரி, ஆசைப்படுறீங்க' என்று விட்டுவிட்டார். பளபளவென்று ஜரிகை போட்ட சுத்தமான பாலியஸ்டர். தலை ஓடும்போதெல்லாம் அதில் உரசிக்கொண்டே ஓடியிருக்கிறது. வறட்டு அறை வேறு. உரச உரச மின்சாரம் ஏறி, அலைகிற தூவானத்தை எல்லாம் வா வா என்று தலைப்பக்கமே இழுத்திருக்கிறது. இன்ஜினியர்கள் பம்ப்புக்குள்ளே தேடினார்களே தவிர, மரியாதைக்குப் போர்த்தின துணியை யாரும் சந்தேகப்படவில்லை. பத்து தடவை அதற்குப் பக்கத்தில் நின்று காபி குடித்துவிட்டுப் போனார்கள்.

"நாந்தான் டாக்டரம்மா. நாந்தான் போட்டேன்" என்றேன்.

"அழுகையெல்லாம் அப்புறம். இப்ப என்ன செய்யணும்? அய்யம்மா, நீ சொல்லு."

அதற்கப்புறம் அந்த அறையில் அவள்தான் ஃபோர்மேன். படுத்தபடியே அதிகாரம் பண்ணினாள். "மொத அந்தத் துணியக் கழட்டி வெளிய போடுங்க. அண்ணாச்சி, அந்தக் கோட்டையும் கழட்டுங்க, அதுவும் நைலான்தான். பருத்தித் துணிய நனைச்சுத் தரையில விரிங்க. செருப்பக் கழட்டுங்க. எதையும் தொடுறதுக்கு முந்தி அந்தத் தண்ணிக் கொழாயத் தொட்டுட்டு வாங்க. நர்ஸம்மா, நீங்களுந்தான்!"

ஏ.சி.யின் வறட்டுக் காற்றை நிறுத்தினோம். கிருமி நீக்கின வெள்ளைத் துணிகளை நனைத்து விரித்தோம். நான் கடையில் செய்வது மாதிரி, மெஷின் தலையிலிருந்து ஒரு செம்புக் கம்பியை இழுத்து எர்த்தில் கட்டினேன். இருபது வருஷம் ஃப்ளெக்ஸ் மெஷினில் முதல் வேலையாக இதைத்தான் செய்திருக்கிறேன்! வெளிநாட்டு மெஷின், எல்லாம் உள்ளேயே இருக்கும் என்று இங்கே மட்டும் செய்யாமல் விட்டேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நாற்பது நிமிஷம் போய்விட்டது. அடைத்திருந்த தலையைத் துடைத்தேன். மறுபடி ஓடவிட்டேன். அய்யம்மாள் தன் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மயிர் எழவில்லை.

"ம், இப்ப ஓட்டுங்க" என்றாள்.

நடுவிரல். ஆள்காட்டி விரல். உள்ளங்கை. புறங்கை. தூவானத்தில் வீணாகும் என்று கூட்டி வைத்த பங்கும் இப்போது தோலிலேயே உட்கார்ந்தது. கட்டைவிரலுக்கு வந்தபோது பாட்டிலில் அடியில் ஒரு மினுமினுப்புதான் இருந்தது. கட்டைவிரல் நுனியில் கடைசி வரி விழுந்த பிறகும் இரண்டு சொட்டு மிச்சம் இருந்தது. டாக்டர் ரெஜினா முகக்கவசத்துக்குள் என்னவோ ஜெபம் சொன்னார். நான் தண்ணீர்க் குழாயைத் தொட்டுவிட்டு வந்து அய்யம்மாளைக் கும்பிட்டேன்.

"விடுங்க அண்ணாச்சி, சீச்சீ, என்ன இது" என்று அவள் கூச்சப்பட்டாள்.

தூவானத்தின் கதை அதோடு முடியவில்லை. அந்த வாரம் முழுக்க எனக்கு ஒரே நினைப்பு. பொன்னாடை தூவானத்தைத் தப்பான இடத்துக்கு இழுத்தது. அந்த இழுப்பைச் சரியான இடத்தில் வைத்தால்? தலைக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தகட்டை வைத்து, அதற்கு மட்டும் மின்சாரம் ஏற்றிப் பார்த்தோம். பொடிச்சொட்டு எல்லாம் சமர்த்தாக அந்தத் தகட்டுக்குப் போய், கீழே வைத்த குளிர்ந்த குழிவில் சேர்ந்தது. சேர்ந்ததை எடுத்து டாக்டரம்மா பார்த்தார். பாதிக்கு மேல் உயிரோடு இருந்தது. மறுபடி பாட்டிலில் ஊற்றினோம். அதே அளவு மையில் ஒன்றரை மடங்குத் தோல் அடிக்க முடிந்தது. ஆளுக்கு வளர்க்க வேண்டிய மை குறைந்தது. லேபில் அதே எட்டுத் தொட்டிதான். வரிசை மட்டும் மளமளவென்று குறைய ஆரம்பித்தது. ஆளுக்கு ஒரு பாட்டில் என்ற சட்டத்தைத் தளர்த்தினார்கள். இன்ஜினியர்கள் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள். யார் யோசனை என்று கேட்டார்கள். அய்யம்மாள் பெயரை இனிஷியலோடு எழுதிக் கொடுத்தேன்.

இரண்டாவது பாட்டில் முதலில் யாருக்கு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி இருந்தது. லாரி ஆபீசுக்குப் போய் ஜெயராசுவைப் பார்த்தேன். உன் கழுத்துக் கோட்டுக்குக் காரணம் மெஷின் இல்லை, நான்தான், என் தோளில் விழுந்த பொன்னாடைதான் என்று ஒன்று விடாமல் சொன்னேன். அவன் கேட்டான். ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போய்விட்டான். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. மாசியில் கூப்பிட்டு அனுப்பினோம். வந்தான். மேஜையில் குப்புறப் படுத்துக்கொண்டு, "அண்ணே, இன்னைக்கு யாரும் உங்களுக்குத் துண்டு கிண்டு போத்தலையே?" என்றான். நர்ஸ் சிரித்துவிட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பையன் எனக்குப் போட்டது உயிர்ப் பிச்சை.

ஞானசிகாமணி வாத்தியாரிடம் மட்டும் நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். பொன்னாடையை மடித்து, அச்சு அறைக்குப் பக்கத்தில் இருக்கிற என் பீரோவில் வைத்திருக்கிறேன்.

ஆனி மாதம், காற்று சுழற்றி அடிக்கிற ஒரு நாள் மத்தியானம், அய்யம்மாள் பரிசோதனைக்கு வந்தாள். விரல் ஐந்தும் அழகாக மடங்குகிறது. கோடு ஒன்று கிடையாது. கம்பெனியில் சண்டை போட்டு, கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் போய், எல்லா ரூம் வாசலிலும் பித்தளைத் தகட்டைத் திருப்பி மாட்ட வைத்துவிட்டாள். காலையில் ஒவ்வொருத்தரும் தகட்டைத் தொடுகிறார்களா என்று நின்று பார்ப்பதுதான் இப்போது அவள் வேலை. ஒரே ஒரு குறை. கையில் உணர்ச்சி இல்லை. ஏழு மாதமாக டாக்டரம்மா ஊசி முனையால் தொட்டுத் தொட்டுக் கேட்கிறார். "தெரியலைங்க" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கே அலுத்துவிட்டது. "மடங்குதுல்ல, அதுவே சாமி குடுத்தது" என்பாள். சோறு மட்டும் ஸ்பூனில்தான் சாப்பிடுவாள். சூடு தெரியாமல் புதுத்தோலை வேகவிட்டுவிடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"என்ன தாயி, பாலியஸ்டர் சேலை கட்டியிருக்க? நீயே இப்பிடிப் பண்ணலாமா?" என்று வம்புக்கு இழுத்தேன்.

"லீவு நாளுதானே அண்ணாச்சி. பஸ்ஸுல வந்தா காட்டன் கசங்கிப் போகுது. அதுக்குத்தான் உங்க ரூமுக்குள்ள வரும்போது தொட்டுட்டு வாறேன்ல."

எங்கள் அச்சு அறை வாசலிலும் ஒரு பித்தளைத் தகடு மாட்டியிருக்கிறேன். அவள் சொல்லித்தான் மாட்டியது. பழக்கதோஷத்தில் அவள் வலது கையை நீட்டித் தகட்டைத் தொட்டாள்.

"ஆத்தாடி!"

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"என்னாச்சு? எர்த் சரியில்லையா?" என்று நான் பதறி ஓடினேன். "நேத்துத்தானே பாத்தேன், நல்லாத்தானே இருந்துச்சு..."

அவள் விரல் நுனியை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"கடிச்சிருச்சு அண்ணாச்சி" என்றாள். "சுள்ளுன்னு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வலது கை.

அவள் அவசரமாக மறுபடி தகட்டைத் தொட்டாள். ஒன்றும் இல்லை. இன்னொரு தடவை தொட்டாள். முகம் வாடிப்போனது. "போயிருச்சே... எனக்குத்தான் தோணிருச்சோ?"

"ஏ, நீயா இப்பிடிக் கேக்குற? இருந்த கரண்ட் இறங்கிருச்சு, அம்புட்டுத்தான். செத்த இரு."

நான் ஓடினேன். பீரோவைத் திறந்து பொன்னாடையை எடுத்து வந்தேன். அவள் முதுகிலும் தோளிலும் வைத்துப் பரபரவென்று தேய்த்தேன். ஜரிகை சடசடத்தது. அவள் தலைமுடி பறந்தது.

"ம், இப்பத் தொடு."

தொட்டாள். சட்டென்று கையை உதறினாள்.

"தெரியுது! தெரியுது அண்ணாச்சி!"

அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. என் நிலைமையும் அதுதான். சத்தம் கேட்டு டாக்டர் ரெஜினா ஓடி வந்தார். நாங்கள் நிற்கிற கோலத்தையும் என் கையிலிருந்த பொன்னாடையையும் பார்த்து, "அந்தத் துணியை ஏன் வெளிய எடுத்தீங்க?" என்று சத்தம் போட்டார்.

"ஒவ்வொரு விரலா பாத்துருவோம் டாக்டரம்மா" என்றாள் அய்யம்மாள். "நீங்க தேய்ங்க அண்ணாச்சி."

தேய்த்தேன். கட்டைவிரல் கடித்தது. ஆள்காட்டி விரல் கடித்தது. நடுவிரல், மோதிரவிரல், கடைசியில் சுண்டுவிரல். ஒவ்வொரு கடிக்கும் அவள் "ம்" என்று டாக்டரைப் பார்த்துத் தலையாட்டினாள். டாக்டர் ரெஜினா குறிப்பெழுத எடுத்த பேனாவை எங்கே வைத்தோம் என்று தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அய்யம்மாள் பொன்னாடையை என் கையிலிருந்து வாங்கி, இரண்டாக மடித்து, என் தோளில் போட்டாள்.

"வாங்க அண்ணாச்சி" என்றாள். "கேண்டீன்ல சோறு ஆறுறதுக்குள்ள போவோம்."